பதினேழு என்ன, சேர்?

பேக்கரிக்குப் பக்கவாட்டில் ஏறும் படிக்கட்டின் உச்சியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு "பதினேழு" என்றேன். யாருக்கும் சொல்லவில்லை. படி ஏறினால் எண்ணுவேன், தெருவில் நடந்தால் மின்கம்பங்களை எண்ணுவேன், கலியாண வீட்டில் ஆறு பேர் சுற்றியிருந்து உண்ணும் சவனை எண்ணி அதை ஆறால் பெருக்கி எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று பார்ப்பேன். வேலைக்காலம் முழுவதும் புள்ளிவிபரக் கிளையில் இருந்தவனுக்கு ஓய்வு கிடைத்தாலும் இலக்கங்களுக்கு ஓய்வு கிடைப்பதில்லை.

அறைக்குள் கணினிக்கு முன்னால் இருந்த பெண் திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"பதினேழு என்ன, சேர்?"

"என்ன எண்டா?"

"பதினேழு எண்டீங்க. படியா, மூச்சு வாங்கினதா?"

"படி."

"அப்ப பதினேழு படி எண்டு சொல்லுங்க. வெறும் பதினேழு எண்டதும் நான் பயந்துட்டன், பதினேழு பேர் ஏறி வாறாங்களாக்கும் எண்டு. இஞ்ச வாற ஆக்களுக்குக் கதிரை ஒண்டுதான் இரிக்கி."

அந்த ஒரு கதிரைக்கும் கால் ஆடியது. கீழே பாண் சுடும் போறணை எரிந்துகொண்டிருந்ததால் தரையிலிருந்து சூடு ஏறியது. மேலே சுற்றிய மின்விசிறி அந்தச் சூட்டையே திரும்ப என் தலையில் கொட்டியது. இந்த வயதில் இப்படியொரு இடத்துக்கு ஏறி வந்தேனே என்று மனதுக்குள் முனகிக்கொண்டு உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு எத்தனை தடவை ஏறினேன் என்று கேட்டால் சொல்லுவேன். ஆனால் அவள் முதலில் "எத்தனை என்ன?" என்று கேட்பாள். ஆகவே விடுகிறேன்.

கல்முனையில் அவளுக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது. அக்கா முறைக்கு ராத்தா என்று கூப்பிடும் பேக்கரிப் பொடியன்கள் வைத்தது. "என்ன ராத்தா." சொந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. அது அவளுக்குப் பிடிக்காது என்பது தெரியும். பெயர் எழுதுவதென்றால் முன்னாலும் பின்னாலும் எழுத வேண்டும் என்பாள்.

அதுதான் அவளுடைய தொழிலும். மருதமுனையிலிருந்து காலையில் ஸ்கூட்டியில் வருவாள். பேக்கரி அவளுடைய மாமாவினது, மேலறையை அவர் சும்மா கொடுத்திருந்தார். ஏதோ ஒரு நாட்டுக் கம்பனிக்கு வேலை. ஒரு ஊரின் ஹோட்டல் அறைகள், அவற்றின் கட்டில்கள், காலியான நாட்கள் எல்லாம் ஒரு வடிவத்தில் வரும். இன்னொரு ஊரின் கணினிக்கு அவை இன்னொரு வடிவத்தில் போக வேண்டும். நடுவில் இருந்து மாற்றிக் கொடுப்பாள். நாள் முழுக்க இலக்கங்களோடு இருக்கும் வேலை என்பதால் எனக்கு அவளோடு ஒத்துப்போகும் என்று நினைத்தேன். அது தப்புக்கணக்கு. நான் இலக்கத்தை நேசிப்பவன். அவள் இலக்கத்தைச் சந்தேகப்படுபவள்.

அவள் பெரிதும் புழங்கிய வடிவத்துக்கு எக்ஸ்எம்எல் என்று பெயர். அது என்ன என்று நான் கேட்டபோது திரையைத் திருப்பிக் காட்டினாள். எதைப் பார்த்தாலும் இரண்டு தடவை எழுதியிருந்தது. பெயர், பிறகு இலக்கம், பிறகு மறுபடியும் அதே பெயர். வீண் செலவு என்றேன்.

"மாப்பிள்ளை ஊர்வலம் பாத்திரிக்கீங்கதானே சேர். முன்னுக்கு ஒரு தோழன், பின்னுக்கு ஒரு தோழன், நடுவுல மாப்பிள்ள. முன்னுக்குப் போறவன் 'இவர்தான் மாப்பிள்ள, வாறார்' எண்டு சொல்லுவான். பின்னுக்கு வாறவன் 'மாப்பிள்ள இத்தோட முடிஞ்சிது, இனி வாறது சும்மா சனம்' எண்டு சொல்லுவான்."

"பின்னுக்கு வாறவன் இல்லாட்டி?"

"சனமெல்லாம் மாப்பிள்ளதான். பொண்ணு வீட்டுல நிண்டு முழிப்பாங்க."

பின்தோழன் ஒருவன் குறைந்தாலும் கணினி அந்தக் கோப்பு முழுவதையும் திருப்பி அனுப்பிவிடும் என்றாள். ஒரு சின்னப் பிழைக்கு முழுவதையும் தள்ளுவது அநியாயம் இல்லையா என்று கேட்டேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. "அதுதான் சேர் அதுட அழகு. வெளங்கல்ல எண்டா வெளங்கல்ல எண்டு வாயால சொல்லும். மனிசருக்கு அது ஏலாது."

நான் அங்கே ஏறிப்போன காரணத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் பள்ளிவாசலுக்குப் புது மணிக்கூடு ஒன்று வாங்கினோம். சுவரில் மாட்டும் பெரிய பலகை. சிவப்பு எழுத்தில் தொழுகை நேரங்களைக் காட்டும். அன்றன்றைய மஃரிபுக்கு, அதாவது சூரியன் மறையும் தொழுகைக்கு, தானாகவே சைரன் அடிக்க ஒரு வயரும் அதிலிருந்து போகும். நோன்பு காலத்தில் எங்கள் சைரனைக் கேட்டுத்தான் சுற்றியுள்ள வீடுகளில் நோன்பு திறப்பார்கள். நானூற்றுப் பதினொரு வீடு. ஒரு நிமிடம் முந்தி அடித்தாலும் அத்தனை வீட்டின் நோன்பும் பாழ்.

மணிக்கூட்டுக்கு வருட நேரங்களை எக்ஸ்எம்எல் கோப்பாகக் கொடுக்க வேண்டும் என்றார்கள். எங்களிடம் இருந்ததோ பழைய கணினியில் யாரோ எப்போதோ தட்டி வைத்த ஓர் அட்டவணை. தலைப்புக் கூட இல்லை, வெறும் இலக்கங்கள். நம்பிக்கையாளர் சபைத் தலைவர் ஹாஜியார், அரிசி ஆலைக்காரர், தன் மருமகன் பத்து நிமிடத்தில் செய்து தருவான் என்றார். பத்து நிமிடத்தில் செய்யப்படும் எதையும் நான் நம்புவதில்லை. பேக்கரியில் பாண் வாங்கும்போது இந்தப் பெண்ணைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தேன். அவளிடம் கொடுப்போம் என்றேன்.

"நல்லம் சேர்," என்றார் ஹாஜியார். "ஆனா ஊருட நோன்பு பிழைச்சா பொறுப்பு உங்கட கழுத்துல."

"என்ட கழுத்துலதான்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன நாளிலிருந்து எனக்கு நித்திரை சரியில்லை.

அட்டவணையைப் பார்த்ததும் அவள் முதலில் கேட்டது, "தொழுகை அஞ்சி. இதுல வரிசை ஆறு. ரெண்டாவது என்ன?"

"சூரிய உதயம்," என்றேன். "சுபஹுட நேரம் முடியிறது."

"அல்ஹம்துலில்லாஹ். கேக்காம செஞ்சிருந்தா நம்மட பள்ளியில வெயில் ஏறமுதல் பகல் லுஹர் தொழுதிருப்பாங்க."

இப்படியே ஒவ்வொரு வரிசைக்கும். நான் பதில் சொன்னதை அவள் முன்னாலும் பின்னாலும் எழுதிக்கொண்டாள். தெரியாததைத் தெரிந்தது போல் ஒரு தடவை கூட எழுதவில்லை. மருமகன் ஊகித்திருப்பான். நானும் ஊகித்திருப்பேன் என்றே நினைக்கிறேன்.

வேலை நடந்த அந்த வாரங்களில் அவளுடைய "என்ன" கீழே பேக்கரிக்குள்ளும் இறங்கி வந்திருப்பதைக் கண்டேன். உள்ளே மீன் வைத்த பணிசுக்கும் இனிப்பு வெங்காயச் சீனிச்சம்பல் வைத்த பணிசுக்கும் வெளியே ஒரே முகம். அவள் மாமாவைக் கரைச்சல்படுத்தி, மீனுக்கு முதுகில் இரண்டு கீறல், சீனிச்சம்பலுக்கு ஒரு கீறல் என்று போட வைத்திருந்தாள். ஓட்டோக்காரர் ஒருவர் என்னிடம் முறைப்பட்டார். "முந்தி கடிச்சாத்தான் சேர் தெரியும், உள்ளுக்கு என்ன எண்டு. மனிசனுக்கு ஒரு நாளைக்கு ஒரு சந்தோசம் இரிந்த. அதையும் இந்தப் புள்ள கெடுத்துட்டா."

மாமா கல்லாவிலிருந்து சொன்னார், "பணிசுக்குக் கீறியாச்சி. இனி என்ட முதுகுல கீறுறதுதான் மிச்சம்."

கலியாணத் தரகர் ஒருவர் அவள் வீட்டுக்குப் போன கதையையும் மாமாதான் சொன்னார். தரகர் பந்தலடியில் நின்று பேசுபவர் போலக் குரலை உயர்த்தி, "மாப்பிள்ளைக்கு முப்பத்திரெண்டு" என்று தொடங்கியிருக்கிறார். திரைக்குப் பின்னாலிருந்து கேள்வி வந்திருக்கிறது.

"முப்பத்திரெண்டு என்ன? வயசா, பல்லா?"

தரகர் தேத்தண்ணியைக் குடிக்காமலே எழும்பிப் போய்விட்டாராம். ஆனால் சேதி மாப்பிள்ளைக்குப் போயிருக்கிறது. அவர் கட்டாரில் வேலை செய்பவர். பதில் அனுப்பினாராம்: "வயசு முப்பத்திரெண்டு. பல்லு முப்பத்தொண்டு, ஒண்டு புடுங்கின." அந்தக் கலியாணம் நடந்துவிட்டது. நான் அவளைத் தெரிந்துகொண்டபோது நிக்காஹ் முடிந்து, கட்டாருக்குப் போக விசாவுக்குக் காத்திருந்தாள்.

ஒரு நாள் அவளுடைய உம்மா பகல் சாப்பாட்டைக் கொண்டுவந்தவர், என்னைக் கண்டதும் முறைப்பாட்டை அவிழ்த்தார்.

"இவட தொல்ல தாங்கேலாது சேர். குசினியில டின்னுக்கெல்லாம் முன்னாலயும் பேர், பின்னாலயும் பேர். நான் என்ன கண்ணு தெரியாத மனிசியா? சீனி முடிஞ்சா டின்னுக்குள்ள 'வெறுமை' எண்டு எழுதித் துண்டு போட்டு வெக்கா. நேத்து அந்தத் துண்டத் தேத்தண்ணிக்குள்ள போட்டுட்டன்."

"வெறுமையா இரிக்கிறதும் இல்லாம இரிக்கிறதும் ஒண்டில்ல உம்மா," என்றாள் அவள், சோற்றுப் பொதியை அவிழ்த்தபடி. "டின் இரிக்கி, சீனி இல்ல எண்டா வாங்கணும். டின்னே இல்ல எண்டா நம்மட வீட்டுல சீனி பாவிக்கிறல்ல. ரெண்டும் வேற வேற வீடு."

"கேட்டீங்களா சேர். சீனி முடிஞ்சதுக்கு எனக்கு ரெண்டு வீடு."

நான் சிரித்தேன். திரும்பி நடக்கையில் என் வீட்டு முன்வாசலில் போட்டிருக்கும் இரண்டாவது கதிரை ஞாபகத்துக்கு வந்தது. மனைவி இறந்துபோன பிறகு பிள்ளைகள் அதை எடுத்து உள்ளே வைக்கச் சொன்னார்கள். நான் வைக்கவில்லை. ஏன் என்று அவர்களுக்குச் சொல்ல அதுவரை எனக்கு வார்த்தை இருக்கவில்லை.

பெப்ரவரியில் கோப்பு ஆயத்தமாகிவிட்டது. அன்று பதினெட்டாம் திகதி. மணிக்கூட்டில் ஏற்றினோம். பலகை பளிச்சென்று எரிந்தது. ஐந்து நேரமும் சரி. நான் என் கைக்கடிகாரத்தோடும் தொழுகை நேரக் கலண்டரோடும் ஒத்துப் பார்த்தேன். ஹாஜியார் பேக்கரிக்கே வந்து, பெரிய உடம்பைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறி, அவளுக்கு நன்றி சொன்னார்.

அவள் எழுந்து நின்றாள், ஆனால் சந்தோசப்படவில்லை.

"இன்னும் முடியல்ல ஹாஜியார். இண்டைக்குச் சரியாக் காட்டினா சரி எண்டு இல்ல."

"அப்ப எண்டைக்குக் காட்டணும்?"

அவளை அரித்துக்கொண்டிருந்த விசயத்தைச் சொன்னாள். மற்ற எல்லாவற்றுக்கும் முன்னும் பின்னும் தோழனைப் போட்டுவிட்டாள். திகதிக்கு மட்டும் அந்த மணிக்கூடு இடம் கொடுக்கவில்லை. நாள், மாதம், வருடம் மூன்றையும் சாய்கோடு போட்டு ஒன்றாகத்தான் கேட்டது.

"மூணு பேர ஒரே சட்டைக்குள்ள தள்ளிரிக்கானுகள். ஆரு முன்னுக்கு, ஆரு பின்னுக்கு எண்டு எங்கயும் எழுதல்ல. நான் நாள முதல் போட்டிரிக்கன். இண்டைக்குப் பதினெட்டு. பதினெட்டாம் மாசம் எண்டு ஒண்டு இல்ல, அதால மணிக்கூட்டுக்கு வேற வழியில்ல, சரியா எடுத்துட்டு. ஆனா பதினொண்டு, மூண்டு எண்டு வந்தா? மூணாம் மாசம் பதினோராம் திகதியா, பதினோராம் மாசம் மூணாம் திகதியா?"

நான் மனதுக்குள் நோன்பு மாதத்தைக் கணக்குப் பார்த்தேன். அந்த வருடம் நோன்பு மார்ச் தொடக்கத்திலேயே வர இருந்தது. மாதம் என்று மாறி எடுக்கக்கூடிய முதல் பன்னிரண்டு திகதிகளும் அநேகமாக நோன்புக்குள்.

"கொழும்புல வித்தவனிட்டக் கேட்டாப் போச்சி," என்றார் ஹாஜியார்.

அவள் ஏற்கனவே கேட்டிருந்தாள். எங்களுக்காக மறுபடியும் போனில் கூப்பிட்டு, சத்தமாகக் கேட்கும்படி போட்டாள்.

"அது பிரச்சினையில்ல மிஸ். அது தானாவே வெளங்கிக்கொள்ளும்."

"எப்பிடி வெளங்கும்?"

"ஓட்டோமெட்டிக் மிஸ்."

போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள். "தானா வெளங்குற சாமானுக்குத்தான் சேர் எனக்குப் பயம். இது எங்கட பெரிய மாமா மாதிரி. காது கேக்காது, ஆனா எல்லாத்துக்கும் தலைய ஆட்டுவார்."

தலைப்பிறை காணுவதற்கு நான்கு நாட்களுக்கு முன் அவளுக்கு விமானம். அதற்குள் பார்த்துவிட வேண்டும் என்றாள். பூட்டின மணிக்கூட்டை யாரும் நோண்டக் கூடாது என்றார் ஹாஜியார். நான் என் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டு, நோண்டத்தான் வேண்டும் என்றேன்.

புதன்கிழமை, அசர் தொழுகைக்குப் பிறகு. மாரியின் கடைசி மழை. வானம் சட்டிக்கரி போல் இருண்டு தூறிக்கொண்டிருந்தது. நான் பள்ளிவாசல் காரியாலயத்தில் பிளாஸ்டிக் கதிரை மேல் நின்றேன். ஹாஜியார் கதிரையைப் பிடித்துக்கொண்டார். அவள் வீதிக்கு மறுபக்கம் பேக்கரி மேலறையில் ஜன்னலோரம் இருந்து போனில் பேசினாள்.

"திகதிய மட்டும் மாத்துங்க சேர். மார்ச் பதினொண்டு. மாத்திட்டு மஃரிப் என்ன எண்டு வாசிங்க."

மாற்றினேன். வாசித்தேன். "அஞ்சி நாப்பத்தினாலு."

"அஞ்சி நாப்பத்தினாலு என்ன?"

"மஃரிப். மஃரிப் அஞ்சி நாப்பத்தினாலு."

"கலண்டருல?"

"ஆறு பதினஞ்சி."

போனில் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. பிறகு மெதுவாகச் சொன்னாள், "அது நவம்பர் மூண்டுட நேரம் சேர். மாறித்தான் எடுக்குது."

அரைமணித்தியாலத்துக்கும் மேல் முந்தி. நான் கதிரையில் நின்றபடியே குனிந்து ஹாஜியாரிடம் சொன்னேன். ஆனால் அவர் விடுவதாக இல்லை.

"அது சும்மா எழுத்து சேர். பலகையில காட்டுறதுதான் பிழை. சத்தம் நேரத்துக்குத்தான் அடிக்கும். இறங்குங்க, நான் காட்டுறன்."

"ஹாஜியார், வேணாம்."

அவர் கதிரை இல்லாமலே எட்டக்கூடிய மனிதர். பொத்தானை அமத்தி அமத்தி நேரத்தை ஐந்து நாற்பத்துநான்குக்குக் கொண்டுவந்து விட்டார். வயர் சைரனில் பூட்டியிருக்கிறது என்பது எங்கள் மூவரில் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

சைரன் கல்முனையையே தூக்கி நிறுத்துவது போல் ஊளையிட்டது. அந்தச் சத்தம் பள்ளிக்குள் ஒரு தரம், வீதியில் ஒரு தரம், என் கையிலிருந்த போனுக்குள் ஒரு தரம் கேட்டது. நான் நிறுத்தும் பொத்தானைத் தேடினேன். ஹாஜியார் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். சத்தம் தானாகவே ஓய்ந்த பிறகு போனுக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது.

"சேர், இப்ப கேட்டது என்ன?"

"நோன்பு திறக்கிற சைரன்."

"எந்த நாளுக்குரியது?"

"நவம்பர் மூண்டு," என்றேன். வேறு என்ன சொல்வது.

அப்போதுதான் ஹாஜியாரின் போன் அடித்தது. வீட்டிலிருந்து. எடுத்தவர் முகம் மாறுவதைப் பார்த்தேன். அவருடைய மனைவி போன நோன்பில் சுகமில்லாமல் விட்ட நோன்புகளை, அடுத்த நோன்பு வருமுன் கழாவாகத் திரும்பப் பிடித்துக்கொண்டிருந்தார். அன்று கடைசி நோன்பு. வானமும் இருண்டிருந்தது, பள்ளிச் சைரனும் அடித்துவிட்டது. பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுத் தண்ணீரும் குடித்துவிட்டார். பிறகுதான் சுவர் மணிக்கூட்டைப் பார்த்திருக்கிறார். அவர் பேசியது அறை முழுக்கக் கேட்டது.

"இஞ்சாருங்க, பள்ளியில ஆரு சைரன் அடிச்ச?"

"அது வந்து... ஒரு டெஸ்ட்."

"என்ட நோன்புலயா டெஸ்ட்? ஆரு அடிச்ச எண்டு கேக்கன்."

ஹாஜியார் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். கூரையில் பதினான்கு தகடு.

"நான்தான்," என்றார்.

"அப்ப நாளைக்கு நான் திரும்பப் பிடிக்கக்குள்ள நீங்களும் பிடிக்கிற. விடியமுதல் சஹர் சாப்பாட்டுக்கு நான் எழுப்ப மாட்டன், நீங்க என்னை எழுப்புங்க."

மறுநாள் வியாழக்கிழமை ஹாஜியார் நோன்போடு அரிசி ஆலைக்குப் போனார். சீனி வியாதி ஒன்றும் இல்லாத நல்ல உடம்பு. பின்னேரம் பேக்கரிப் பக்கம் வந்து, பணிஸ் வாசத்துக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு, கீழே நின்றபடியே மேலே கூப்பிட்டார்.

"மகள், அந்த மணிக்கூட்ட எப்பிடி வேணுமெண்டாலும் திருத்துங்க. என்ட வீட்டுல ஒரு நோன்போட போச்சி."

மேலே அவள் வேறு யோசனையில் இருந்தாள். சைரன் அடித்தது அவளை உலுக்கியிருந்தது. ஹாஜியார் அமத்தினார் என்பதெல்லாம் அவளுக்குப் பொருட்டில்லை.

"எல்லாத்தையும் கேட்டன் சேர். அந்த ஒரு வயர மட்டும் என்ன எண்டு கேக்கல்ல."

அன்றே என்னிடம் இரண்டு துண்டு கடதாசி தந்து, வயரின் இரண்டு நுனியிலும் 'சைரன்' என்று எழுதி ஒட்டச் சொன்னாள். ஒரு நுனி போதாதா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.

கோப்பைத் திருத்துவது அவளுக்குச் சின்ன வேலை. மாதத்தை முன்னுக்கும் நாளைப் பின்னுக்கும் மாற்றி மறுபடி எழுதிக் கொடுத்தாள். ஆனால் ஒரு நாளைப் பார்த்துச் சரி என்று விடுவதாக இல்லை. ஒவ்வொரு மாதத்திலும் முதல் பன்னிரண்டு திகதிகளையும் பார்க்க வேண்டும் என்றாள். வயரைக் கழற்றி வைத்துவிட்டு, காலையில் நான் பள்ளியில் நின்று வாசிக்க, அவள் ஜன்னலோரம் இருந்து கலண்டரில் சரிபிடித்தாள். அலுப்பான வேலை. எனக்கு அது பெருநாள் மாதிரி இருந்தது. எங்கள் பக்கம் சூரியன் மறையும் நேரம் வருடம் முழுக்க முக்கால் மணித்தியாலத்துக்கு மேல் மாறாது. பழைய கோப்பில் பல நாட்கள் சில நிமிடமே பிந்தியோ முந்தியோ இருந்திருக்கும். ஒருவருக்கும் தெரிந்திராது. ஊர் சந்தோசமாகப் பிழையான நேரத்தில் நோன்பு திறந்திருக்கும். அதை நினைத்து ஒவ்வொரு திகதியையும் இரண்டு தடவை வாசித்தேன்.

கடைசி நாளை வாசித்து முடித்தபோது என் மனது பழக்கப்படி கூட்டிவிட்டிருந்தது. நாளும் மாதமும் ஒரே இலக்கமாக வரும் பன்னிரண்டு நாளைக் கழித்துவிட்டு,

"நூத்தி முப்பத்திரெண்டு பிழையான நாள் இரிந்திரிக்கி, இப்ப ஒண்டும் இல்ல" என்றேன்.

போனில் சிரிப்புச் சத்தம் கேட்டது. ஏன் சிரிக்கிறாய் என்றேன்.

"ஒண்டுமில்ல சேர். 'என்ன' எண்டு கேக்க வாயத் திறந்தன். நீங்க பேரோடயே சொல்லிட்டீங்க."

அவள் புறப்பட்ட பின்னேரம் பேக்கரிக்கு முன்னால் வான் நின்றது. இரண்டு பெட்டி. இரண்டுக்கும் வெளியே பெயர், உள்ளேயும் பெயர். சாரதி "எட்டு மணிக்கு எயார்போட்டுல நிப்பம்" என்று சொன்னதும் நாங்கள் எல்லாரும் அவள் வாயைப் பார்த்தோம். உம்மா அழுதுகொண்டிருந்தவர் அப்படியே நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"ராவு எட்டா, விடிய எட்டா?" என்றாள்.

ஓட்டோக்காரர் பெரிதாகச் சிரித்தார். உம்மா மறுபடி அழத் தொடங்கினார். மாமா ஒரு பை பணிஸ் கொடுத்தார், எல்லாம் இரண்டு கீறல். என்னிடம் வந்து, "போயிட்டு வாறன் சேர், துஆச் செய்ங்க" என்றாள். "ஓம் மகள்" என்றேன். இரண்டு பெட்டியும் வானுக்குள் ஏறிவிட்டதா என்று எண்ணிப் பார்த்தேன்.

மார்ச் பதினோராம் திகதி வந்தது. அசர் தொழுததிலிருந்து நான் பள்ளியை விட்டு அசையவில்லை. ஐந்து நாற்பத்துநான்கு ஆனபோது பலகையையே பார்த்துக்கொண்டு நின்றேன். என் பக்கத்தில் ஹாஜியார் சைரன் இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒன்றும் அடிக்கவில்லை. ஹாஜியார் மூச்சை விட்டார்.

"வீட்டுல சொல்லிட்டுத்தான் வந்தன்," என்றார், "சைரன் அடிச்சாலும் வானத்தப் பாத்துட்டுத் திற எண்டு."

கஞ்சிக் கோப்பைகளை வரிசையாக வைத்தார்கள். சூரியன் வயல்பக்கம் இறங்கியது. ஆறு பதினைந்துக்கு வெளிச்சம் மங்கி, மோதினார் ஒலிபெருக்கிப் பக்கம் நகர, சைரன் அடித்தது. நானூற்றுப் பதினொரு வீட்டிலும் பேரீச்சம்பழத்துக்குக் கை நீண்டிருக்கும். நான் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, கழுத்தை ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு, போனை எடுத்தேன். கட்டாரில் அப்போது பின்னேரம், அவளுக்கு நோன்பு திறக்க இன்னும் நேரம் இருந்தது. செய்தி அனுப்பினேன். இரண்டே வார்த்தை.

"ஆறு பதினைந்து."

பெயர் போட மறக்கவில்லை. 'மஃரிப்' என்பதை வேண்டுமென்றுதான் விட்டேன்.

கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. ஹாஜியார் இரண்டாவது கோப்பைக்குப் போய்விட்டார். தொழுகைக்கு இகாமத் சொல்லப் போகிறார்கள், ஸஃப் வரிசையில் நிற்க வேண்டும், போனை அணைக்க வேண்டும் என்று மனது அடித்துக்கொண்டது. அதற்குள் என் கையில் போன் ஒரு தடவை துடித்தது.

"என்ன, சேர்?"